இரண்டாவது பெயர்

2023 டிசம்பரில் துபாயில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணி இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் வனிந்து ஹசரங்கவை ஒன்றரைக் கோடி இந்திய ரூபாய்க்கு எடுத்தது. ஆனால் குதிகால் காயம் அவரை விடவில்லை. வருவாரா, மாட்டாரா என்ற இழுபறி தொடர் தொடங்கிய பிறகும் நீடித்தது. வரமாட்டார் என்பது ஏப்ரலில் உறுதியானதும், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்த விஜயகாந்த் வியாஸ்காந்தை 50 இலட்சத்துக்குச் சேர்த்துக்கொண்டார்கள்.

மே 8, லக்னோவுக்கு எதிராக முதல் ஆட்டம். 4 ஓவர், 27 ஓட்டம், விக்கெட் இல்லை. அன்றைக்கு ஹைதராபாத்தின் தொடக்க ஆட்டக்காரர்கள் ஹெட்டும் அபிஷேக் சர்மாவும் 166 ஓட்ட இலக்கை 9.4 ஓவரில் முடித்துவிட்டதால் பேச்செல்லாம் அவர்கள் பக்கம் போய்விட்டது. இருநூறு ஓட்டங்கள் சாதாரணமாகிப்போன அந்தப் பருவத்தில், அறிமுக ஆட்டத்தில் ஒரு லெக் ஸ்பின்னர் ஓவருக்கு ஏழுக்கும் குறைவாகக் கொடுத்ததை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

வியாஸ்காந்த் திடீரென்று முளைத்தவரல்ல. 2020 டிசம்பரில், 19 வயது நிறைவதற்கு முதல்நாள், லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்காக இறங்கி அஞ்சலோ மெத்யூஸை வீழ்த்தினார். பிறகு எமிரேட்ஸ் லீக்கிலும் ஆடினார். முதல் ஆள் சந்தேகமானபோது, அவருடைய பெயர் ஏற்கெனவே யாரோ ஒருவருடைய கொப்பியில் இருந்தது.

முதலில் நினைத்தவர் காயப்பட்டுவிடும் இதே சிக்கலின் இன்னொரு முகத்தை அமெரிக்கக் கூடைப்பந்தில் பார்க்கலாம். அங்கே கடந்த பருவத்தில் தோற்ற அணிகளுக்கே புதிய வீரர்களை முதலில் எடுக்கும் வாய்ப்பு. 2014 ஜூனில் பலரும் முதலிடத்தில் வைத்திருந்தவர் கமரூனைச் சேர்ந்த ஜோயல் எம்பீட். தெரிவுக்குச் சில நாட்களுக்கு முன் அவருடைய வலது பாதத்தில் எலும்பு முறிவு, அறுவைச் சிகிச்சை. கிளீவ்லாந்து பின்வாங்கி அண்ட்ரூ விக்கின்ஸை எடுத்தது. மில்வோக்கி ஜபாரி பார்க்கரை எடுத்தது. மூன்றாவதாக நின்ற பிலடெல்பியா, காயத்தோடேயே எம்பீட்டை எடுத்தது. அவர் இரண்டு முழுப் பருவங்கள் ஆடவில்லை. 2023இல் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான். அதே தெரிவில் 41ஆவதாகப் போன சேர்பியக்காரர் நிக்கோலா ஜோக்கிச் அந்த விருதை மூன்று முறை வாங்கினார். அவர் பெயர் வாசிக்கப்பட்ட நேரத்தில் தொலைக்காட்சியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

பிலடெல்பியாவால் பொறுத்திருக்க முடிந்தது. இன்று தோற்றாலும் பரவாயில்லை, நாளைக்கு அணி கட்டுவோம் என்று துணிந்திருந்த அணி அது. பொறுத்திருக்க வசதி உள்ளவனுக்குத்தான் காயம்பட்ட திறமை கிடைக்கிறது.

இலங்கை மலையகத்தின் மஸ்கெலியாவில் அந்த வசதி யாருக்கு இருக்கிறது? பாடசாலைப் பிள்ளைகளுக்கான தெரிவுப் போட்டி ஒரு நாள்தான். நோர்வூட் வழியாக ஹட்டனுக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகும் தாய்க்கு அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும். அந்த நாளில் காய்ச்சல் என்றாலோ, தேயிலைச் சரிவில் வழுக்கிக் கணுக்கால் வீங்கியிருந்தாலோ, அடுத்த வருடம்தான். சாதாரண தரம் எழுதிவிட்ட பையனுக்கு அடுத்த வருடம் என்பது பெரும்பாலும் கொழும்பில் ஒரு கடை. மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கு மேலே, சரிவில் வெட்டிய துண்டு நிலத்தில் கரப்பந்து அடிக்கும் பிள்ளைகளில், கைக்கு எட்டாத பந்தையும் விழுந்து எடுக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் பெயர் எந்தக் கொப்பியிலும் இல்லை.

வியாஸ்காந்த் சேர்ந்த 2024இல் ஹைதராபாத் அணியின் சுழற்பந்துப் பயிற்சியாளராக இருந்தவர் முத்தையா முரளிதரன். அவருடைய தாத்தா மலையகத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். அந்த வழியில் இன்னொருவர் வர வேண்டுமானால், தெரிவாளர்கள் செய்யக்கூடியது பெரிய செலவு பிடிக்கிற காரியமல்ல. காயம்பட்டு வராமல் போன பிள்ளைக்கு மூன்று மாதம் கழித்து இன்னொரு நாள் கொடுக்கலாம். எடுபடாமல் போன அடுத்த ஐந்து பேரின் பெயரையும் பாடசாலையையும் எழுதிவைத்து, அடுத்த முறை அவர்களையே முதலில் கூப்பிடலாம். ஹட்டனுக்கு வரச் சொல்வதற்குப் பதில், வருடத்தில் ஒரு தடவையாவது அவர்களே மஸ்கெலியாவுக்கு ஏறி வரலாம்.