தேக்கங்காட்டில் ஒரு தூறல்



கேரளத்திலுள்ள நிலம்பூரில், கோடை மழை பெய்ததும் தேக்கு மரங்கள் தளிர்க்கும். சில நாட்களுக்குப் பின் அம்மரங்களினூடே நடப்பவர், வானம் தெளிந்திருக்கத் தூறல் விழுவது போன்ற ஓசையைக் கேட்பதுண்டு. அது மழையன்று. மேலே தளிரைத் தின்னும் எண்ணற்ற புழுக்களின் எச்சம் சருகின்மீது உதிரும் ஓசையே அது.

இப்புழுவைப் பெறுவது ஒரு சிறிய அந்துப்பூச்சி. 'ஹிப்ளேயா பியூரா' என்பது அதன் அறிவியற் பெயர். சாம்பல் கலந்த பழுப்பு நிற முன்சிறகுகளை மூடி அமர்ந்திருக்கையில் சருகென்றே தோன்றும். சிறகை விரித்தால்தான், கருமையில் ஆரஞ்சு நிறம் தீட்டிய பின்சிறகுகள் புலப்படும். பெண்பூச்சி இளந்தளிர்களையே நாடி, சில நூறு முட்டைகளைத் தனித்தனியே இடுகிறது. முற்றிய இலை இளம்புழுவுக்கு உதவாது. முட்டையினின்று வெளிவந்த புழு, இலையின் ஓரத்தை வெட்டி மடித்துப் பட்டிழையால் பிணைத்து, அக்கூடாரத்திற்குள் மறைந்து வாழும். ஏறக்குறைய இரண்டு வாரங்களில் முழு வளர்ச்சி பெற்று, இழையைப் பற்றித் தரைக்கு இறங்கும். சருகுக்கடியில் கூட்டுப்புழுவாகி, சுமார் ஒரு வாரத்தில் சிறகுடன் எழும்.

இதனால் மரம் பட்டுப்போகிறதா? இல்லை. மீண்டும் தளிர்க்கிறது, மழைக்காலத்தில் காடு பசுமையாகவே காட்சி தருகிறது. ஆகவே பெரிய இழப்பொன்றும் இல்லை எனக் கருத இடமுண்டு. ஆனால் கேரள வன ஆராய்ச்சி நிலையத்தார், இளந்தேக்குகளுள் சிலவற்றைப் புழுவினின்று காத்து, மற்றவற்றை அவ்வாறே விட்டு, சில ஆண்டுகள் அளந்து பார்த்தனர். காக்கப்படாத மரங்கள், தாம் பெற்றிருக்கக்கூடிய மர வளர்ச்சியில் 44 விழுக்காட்டை இழந்திருந்தன என்று 1985-இல் அறிவித்தனர்.

நஞ்சு தெளிக்கலாமே எனில், அது ஓடையையும் தேனீயையும் பறவையையும் சேர்த்தே தாக்கும். எனவே அந்நிலையத்தார், இப்புழுக்களுக்கு இயற்கையாகவே நோய் தரும் ஒரு வைரஸைக் கண்டறிந்து, அதனைப் பெருக்கித் தெளித்துத் தேக்கைக் காக்க இயலுமெனக் காட்டினர். நோயுற்ற புழுவின் உடல் கரைந்து சிதற, அதிலிருந்து பிற புழுக்களுக்கும் நோய் பரவுகிறது. எனினும் காலம் தவறலாகாது. புழு இளமையாயிருக்கும்போதே தெளிக்க வேண்டும்.

நம் இல்லங்களிலும் தளிர்ப்பருவ இழப்பு இத்தகையதன்றோ! பிள்ளை உண்கிறான், பள்ளி செல்கிறான், ஆகவே குறையொன்றுமில்லை என்று அமைதி கொள்கிறோம். பசுமையைப் பார்த்தவர்க்குத் தெரியாத இழப்பு, அருகில் நின்று அளந்தவர்க்கே தெரிந்தது.