துருவும் பாடபேதமும்

பழைய காரை மீட்டெடுப்பது பணமும் பொழுதும் மிகுந்தவர்களின் வேலை என்றுதான் நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். இரண்டிலும் மிகுதி இல்லாத ஒரு கல்லூரித் தமிழாசிரியனாகிய நான், கடந்த ஓராண்டின் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலானவற்றைத் துருப்பிடித்த இரும்புக்குக் கொடுத்திருக்கிறேன். அதிலிருந்து உருவான ஒரு கருத்தை இங்கே முன்வைக்கலாம் என்று நினைக்கிறேன். இலக்கிய நண்பர்கள் சற்றுப் பொறுமையோடு இரும்பைப் பற்றிப் படிக்க வேண்டியிருக்கும்.

கார், தாத்தா 1970-இல் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் உருவாக்கிய வண்டி. அதே காலத்தில் நம் சாலைகளில் ஓடிய அம்பாசிடருக்கும் பியட்டுக்கும் தனிச் சட்டம் கிடையாது. உடற்கூடே பாரத்தைத் தாங்கும். ஹெரால்டு அப்படியன்று. இங்கிலாந்தில் 1959-இல் அது வெளிவந்தபோது மற்றவர்கள் தனிச் சட்டத்தைக் கைவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு உடற்கூடு செய்து தந்த தொழிற்சாலை போட்டி நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டதால், அவர்கள் உடலைத் துண்டுகளாகச் செய்து, ஒரு சட்டத்தின்மேல் போல்ட்டுகளால் பிணைக்கும் பழைய முறைக்கே திரும்பினார்கள். நடுவில் முதுகெலும்பு போல இரண்டு பெட்டிக் குழாய்கள். அவற்றிலிருந்து இருபுறமும் நீளும் கைகள். கைகளின் நுனியில் உடல் உட்கார்ந்திருக்கும். இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்த அழகான மேனிதான் எல்லோர் கண்ணிலும் படும். மேனியைத் தாங்கும் கைகள் எப்போதும் இருட்டில், சேற்றில்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தார் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. தாமிரபரணி கரை மீறியபோது, வண்ணாரப்பேட்டையில் ஆற்றையொட்டிய எங்கள் பழைய வீட்டின் கொட்டகையும் அதில் மூழ்கியது. உள்ளே ஹெரால்டு. தண்ணீர் வடிந்தபோது இருக்கைகளில் விரற்கடை உயரத்துக்கு வண்டல் படிந்திருந்தது. பழைய இரும்புக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு ஒரு விலையும் சொன்னார். அப்பா பதில் பேசாமல் உள்ளே போய்விட்டார். அதனால்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

முதலில் வண்டியை ஒப்படைத்த பட்டறையின் பெயர் வேண்டாம். அங்கே மூன்றே வாரத்தில் சட்டத்தைக் கழுவி, சுரண்டி, கீல் கலந்த கரும்பூச்சைத் தடிப்பாக அடித்துத் தந்தார்கள். பார்க்கப் புதுச் சட்டம் போலவே இருந்தது. நான் மகிழ்ந்துபோனேன். அடுத்த மழைக்காலம் முடிந்த கையோடு, சக்கரம் மாற்ற ஜாக்கியை வைத்து உயர்த்தியபோது, ஜாக்கியின் தலை ஒரு கையைத் துளைத்துக்கொண்டு மேலே போயிற்று. பூச்சு மட்டும் பை போல ஆடிக்கொண்டிருந்தது. அதன் உள்ளே இரும்பே இல்லை.

பட்டறைக்காரரைத் திட்டுவது எளிது. உண்மையில் நான் அவரிடம் முதலில் கேட்ட கேள்வி, மேனிக்கு என்ன நிறம் பொருந்தும் என்பதுதான். இரண்டாவது கேள்வி, பொங்கலுக்குள் கிடைக்குமா என்பது. கண்ணில் படாத வேலைக்குக் காசு கொடுக்க விரும்பாத வாடிக்கையாளருக்கு, கண்ணில் படும் வேலையை மட்டும் அவர் செய்து தந்தார்.

பிறகு பாளையங்கோட்டைக்கு வெளியே, அறுபதைத் தாண்டிய ஒரு வெல்டரிடம் போனேன். அவர் உடலைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு சிறு சுத்தியலால் சட்டம் முழுவதையும் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் மணி போன்ற ஓசை. கெட்ட இடத்தில் பழைய பானையைத் தட்டுவது போன்ற ஓசை. சாக்குக்கட்டியால் வட்டமிட்டுக்கொண்டே வந்தார். பதினேழு வட்டங்கள். பிறகு ஒரு கையின் அடித்தகட்டை வெட்டித் திறந்தார். உள்ளேயிருந்து ஆற்று வண்டல், உலர்ந்து அடுக்கடுக்காக, பழைய ஏட்டுக்கட்டு சரிவதுபோலச் சரிந்து விழுந்தது. "சார், ஆத்தையே உள்ள வச்சு அடைச்சிருக்காவ. துரு வெளியிலேர்ந்தா வரும்? உள்ளேர்ந்துல்லா வரும்" என்றார். இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருக்கிறது. இரண்டு தகடுகளுக்கிடையே புகுந்தால் அவற்றை நெம்பியே பிரித்துவிடும். ஈரத்தை உள்ளே வைத்து மேலே பூச்சடிப்பது அந்த நெம்புகோலுக்கு உறை போட்டுக் காப்பாற்றுவதற்குச் சமம்.

சுத்தம் செய்வதில் அவர் வைத்திருந்த ஒழுங்கு எனக்கு வியப்பளித்தது. முதலில் துருவைத் தொடவே இல்லை. ஐம்பதாண்டு எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெயால் கரைத்து, சோப்புநீரால் கழுவி, வெயிலில் காயவிட்டார். பிசுக்கோடு தேய்த்தால் அது இரும்பின் நுண்குழிகளுக்குள் போய்விடும், பிறகு எந்தப் பூச்சும் ஒட்டாது என்றார். அப்புறம் தகட்டுக் கரண்டி; அப்புறம் கிரைண்டரில் கம்பிச் சக்கரம்; எட்டாத மூலைகளுக்குக் காற்றழுத்தத்தில் துகள் வீசும் முறை. அதற்கு ஆற்று மணலை அவர் ஏற்கவில்லை. மணல்தூசி நுரையீரலை அரித்துக் கொல்லும் என்பதை அவர் தன் தொழிலில் கண்டிருக்கிறார். தாமிரக் கசடு வாங்கிவரச் சொன்னார்.

இந்தத் துகள்வீச்சு என்ற சொல்லைக் கேட்டால் தமிழ் படித்தவனுக்குக் கொஞ்சம் அச்சம் வரும். குடமுழுக்கை முன்னிட்டு நம் கோயில்களின் கருங்கற் சுவர்களை மணல்வீச்சால் வெளுக்க வைத்த காலம் ஒன்று இருந்தது. சுவர் வெளுத்தது; சோழரும் பாண்டியரும் பொறித்த எழுத்துகளும் சேர்ந்து மழுங்கின. பிறகுதான் அதற்குத் தடை வந்தது. ஆதிச்சநல்லூர் இரும்பின் நிலைமையோ இன்னும் விசித்திரமானது. அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை இதே ஆற்றங்கரையில் தோண்டியெடுத்தது போன்ற பழங்கால இரும்பில், வாளின் வடிவம் பெரும்பாலும் துருவுக்குள்தான் தங்கியிருக்கும். துருவை முழுக்க நீக்கினால் வாளே போய்விடும். ஆகவே "சுத்தம் செய்" என்ற ஒரே கட்டளை மூன்று இடங்களில் மூன்று பொருள் தருகிறது. காரின் சட்டத்தில் துரு அழுக்கு. ஆதிச்சநல்லூர் வாளில் துருவே ஆவணம். கோயிற் சுவரிலோ நாம் அழுக்கென்று நினைத்ததன் கீழே எழுத்து இருக்கிறது. எதை நீக்கலாம் என்று தெரிந்தவன் கையில்தான் கருவியைக் கொடுக்க வேண்டும்.

துகள்வீச்சு முடிந்த சட்டம் சாம்பல்நிறத்தில், நாணத்தோடு நிற்பதுபோல நின்றது. அன்றைக்கே முதற்பூச்சு அடித்தாக வேண்டும். வெற்று இரும்பு ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே செம்பழுப்பாகிவிடும். குற்றாலச் சாரல் காற்று இங்கே வரை வீசும் ஆனி, ஆடியில் இந்த வேலை ஆகாது என்று அவர் பங்குனிக்கே நாள் குறித்துவிட்டார்.

கம்பிச் சக்கரத்துக்கு எட்டாத குழிகளில் கொஞ்சம் துரு மிஞ்சியது. அவற்றுக்கு ஒரு திரவம் தடவினார். சிவப்பு மெல்ல மெல்லக் கருநீலமாக மாறியது. இவ்வகைத் திரவங்களில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கும். சிலவற்றில் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இருக்கும். அந்தக் கருநீலத்தை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு பிடிபட்டது. நம் முன்னோர் கடுக்காயின் துவர்ப்பையும், இரும்புச் சத்தான அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சினார்கள். துவர்ப்பு இரும்போடு கூடினால் கறுக்கும். காகிதத்தில் எழுத்தாக நின்ற அதே கருமை, துருவை அடக்கும் கருமையாகச் சட்டத்தில் நிற்கிறது. மீதி நாள் முழுவதும் நான் உற்சாகமாக இருந்தேன். வெல்டரிடம் சொன்னபோது, "அப்ப கடுக்காய வாங்கியே தடவியிருக்கலாமே, இம்புட்டு ரூவா எதுக்கு" என்றார்.

ரெட் ஆக்சைடு பற்றியும் ஒரு சொல். நம் ஊர்ச் சன்னல் கம்பிகளுக்கெல்லாம் அடிக்கும் அந்தச் செம்பூச்சின் நிறமி இரும்பு ஆக்சைடுதான். துருவுக்கு எதிராகத் துருவையே பூசுகிறோம்! அதை மட்டும் அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று விட்டுவிட்டால் ஈரம் உள்ளே இறங்கிவிடும். நாங்கள் துத்தநாகம் கலந்த எப்பாக்சி முதற்பூச்சை அடித்தோம். துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். அதன்மேல் கறுப்பு. பெட்டிக் குழாய்களின் உட்புறத்துக்கு மெழுகும் எண்ணெயும் கலந்து, சூடாக்கி, நீளக் குழலால் பீய்ச்சினோம். பட்டறை முழுவதும் மெழுகுவர்த்தி வாடை.

இப்போது சச்சரவுக்கு வருகிறேன். வட்டமிட்ட பதினேழு இடங்களிலும் கெட்ட தகட்டை வெட்டியெடுத்து, அதே கனத்தில் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார் வெல்டர். ஒட்டுகளின் தழும்பு தெரிந்தது. பூச்சு வேலைக்கு வந்த இளைஞர், எல்லாவற்றுக்கும் பட்டி போட்டு இழைத்துவிட்டால் கம்பெனிச் சட்டம் மாதிரியே இருக்கும், எவனாலும் கண்டுபிடிக்க முடியாது என்றார். கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் எனக்கு இடித்தது. வேண்டாம் என்றேன். சட்டம் புதியதுபோல் இருக்க வேண்டும் என்று எண்ணும் நண்பர்களும், ஒட்டுப்போட்டதுமே வண்டியின் பழமை போய்விட்டது என்று எண்ணும் நண்பர்களும் என்னைக் கேலி செய்தார்கள். 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதற்பதிவு முடிந்து ஐம்பதாண்டு கடந்த வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். ஆனால் அது மூல வடிவில் இருக்க வேண்டும், சட்டத்திலும் உடலிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் கூடாது. மூல வடிவம் என்றால் என்ன என்ற கேள்வி ஏட்டுச்சுவடியோடு புழங்கியவர்களுக்குப் புதிதன்று.

பத்துப்பாட்டு ஏடு தேடித் திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்தவர் உ.வே.சாமிநாதையர். செல்லரித்த இடத்தில் தாமே இரண்டு அடி எழுதிச் சேர்க்கும் புலமை அவருக்கு இல்லாமலா இருந்தது? 1894-இல் அவர் பதிப்பித்த புறநானூற்றில் சிதைந்த இடங்கள் புள்ளிகளாகவே நிற்கின்றன. 267, 268 ஆகிய எண்களுக்குரிய பாடல்கள் கிடைக்கவில்லை. இன்றும் அந்த எண்கள் வெறுமையாகவே இருக்கின்றன. பிரதிகள் வேறுபடும் இடத்தில் பாடபேதத்தை அடியில் காட்டினார். ஏட்டின் அழுக்கை அவர் நீக்கினார், எழுதினவன் பிழையைத் திருத்தினார், ஆனால் தம் கை பட்ட இடத்தை மறைக்கவில்லை. அதனால்தான் அவர் திருத்தத்தோடு இன்றும் ஒருவர் வாதிட முடிகிறது. காரின் சட்டம் ஓட வேண்டிய பொருள். அதைப் புள்ளியிட்டு விட முடியாது, தகடு வைத்தே ஆக வேண்டும். ஆனால் வைத்த தகடு வைத்ததாகத் தெரியட்டும். பட்டி போட்டு இழைத்தது இடைச்செருகல். அது இன்னொரு பத்தாண்டில் அடியில் துருவேறி உப்பும்போது, எங்கே வெட்டினோம், எது பழையது, எது புதியது என்று அடுத்த வெல்டருக்குத் தெரியாது. எனக்கு நேர்ந்தது அவருக்கும் நேரும்.

ஆகவே பதினேழு ஒட்டுகளையும் எண்ணிட்டு, வெட்டுமுன்னும் வெட்டியபின்னும் படமெடுத்து, ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். வண்டியின் எண் பொறித்த இடத்தைக் கம்பிச் சக்கரம் தொடாமல், கையாலேயே துடைத்து, மெல்லிய பூச்சு மட்டும் கொடுத்தோம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பென்சிலால் தேய்த்துப் படியெடுக்கும்போது எழுத்து விழ வேண்டுமல்லவா? கல்வெட்டுப் படி எடுப்பவர்களை நினைத்துக்கொண்டேன்.

சென்ற மாதம் அப்பாவை ஆட்டோவில் அழைத்துப்போய்ச் சட்டத்தைக் காட்டினேன். முக்காலிகளின்மேல் கறுப்பாக, ஒட்டுத் தழும்புகளோடு இருந்தது. அவர் தழும்புகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து கைகளின் அடியில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஏலே, தண்ணி போறதுக்கு வழி விட்டிருக்கியா?" என்றார். வெல்டர் சிரித்துக்கொண்டே ஒவ்வொரு கையின் கடைசியிலும் இருந்த சிறு துளைகளைக் காட்டினார். அப்பா ஒரு ஈர்க்குச்சியை எடுத்து ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்தார். இரண்டு துளைகளில் பூச்சு இறங்கி அடைத்திருந்தது. வெல்டர் உள்ளே போய் ஒரு கம்பியை எடுத்து வந்தார்.