செய்யாத குற்றத்துக்கு ஓர் ஆல்பம்

பிரிட்டிஷ் சின்தசைசர் பாடகர் கேரி நியூமன் 1992இல் வெளியிட்ட 'மெஷின் + சோல்' ஒரு மோசமான ஆல்பம். அவரைக் கொண்டாடுகிறவர்கள்தான் இதை முதலில் சொல்ல வேண்டும். தன் இசை வாழ்க்கையில் தான் ஆகக் கீழே இறங்கிய இடம் அதுவே என்று நியூமனே வெளிப்படையாக ஒப்புக்கொண்டுவிட்டார். ஆனாலும் அதற்கு வக்காலத்து வாங்குபவர்கள் இன்னும் உண்டு. மதிப்பு என்பது இப்படி வேலை செய்வது நல்லதல்ல.

அவர் எங்கிருந்து வந்தார் என்பதைப் பார்த்தால்தான் சறுக்கலின் ஆழம் தெரியும். டியூப்வே ஆர்மி குழுவோடு பங்க் பாணியில் ஒரு கிட்டார் ஆல்பம் பதிவு செய்யப் போன இடத்தில், யாரோ விட்டுப்போயிருந்த மினிமூக் சின்தசைசர் ஒன்று அவர் கண்ணில் பட்டது. கட்டையை அழுத்தியதும் எழுந்த கனத்த ஒலி அவர் பாதையையே மாற்றியது. 1979இல் 'ஆர் ஃப்ரெண்ட்ஸ் எலெக்ட்ரிக்?' பிரிட்டிஷ் பட்டியலில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. ஐந்து நிமிடத்துக்கும் மேல் ஓடும் பாட்டு. வழக்கமான பல்லவி கிடையாது. நடுவே பாடாமல் பேசுகிறார். அதே ஆண்டு வந்த 'தி பிளஷர் பிரின்சிபிள்' ஆல்பத்தில் கிட்டாரே இல்லை. ஆனால் பால் கார்டினரின் பேஸும் செட்ரிக் ஷார்ப்லியின் டிரம்ஸும் இருந்தன. சின்தசைசரின் எளிய, நீண்ட கோடுகளுக்கு அடியில் மனிதக் கைகள் தாளத்தைத் தாங்கின. 'கார்ஸ்' பாட்டில் பாதியிலேயே குரல் ஓய்ந்துவிடும். பிறகு வாத்தியங்கள் மட்டும். அந்த வெற்றிடத்தை விட்டுவைக்கும் துணிச்சல் அன்று அவரிடம் இருந்தது. கண்ணாடிக்கு அப்பாலிருந்து பேசுபவரைப் போன்ற அந்தக் குரலில் எத்தனை பேர் தங்கள் தனிமையைக் கண்டுகொண்டார்கள்!

பிரிட்டனின் இசைப் பத்திரிகைகள் அதைக் கேட்கவில்லை. உணர்ச்சியற்றவர், டேவிட் போவியின் நகல் என்று ஆரம்பத்திலிருந்தே அவரை அடித்தார்கள். அநியாயமான அடி. 'நியூமனாய்டுகள்' என்று அழைக்கப்பட்ட ரசிகர்கள் அவரைச் சுற்றி அரண் கட்டினார்கள். வெளியே வசை, உள்ளே வழிபாடு. இரண்டுக்கும் நடுவில் நின்று அவரிடம் உண்மை பேச ஆளில்லாமல் போனது.

எண்பதுகளில் விற்பனை சரிந்தது, கடன் ஏறியது. 'மெஷின் + சோல்' அந்த நெருக்கடியில் பிறந்தது. பிறரைத் திருப்திப்படுத்த முயன்றது. ஃபங்க் தாளங்கள், பளபளக்கும் கிட்டார், மூச்சுவிட இடம் தராமல் வந்து விழும் பெண் குரல்கள். பிரின்ஸின் 'யூ காட் த லுக்' பாட்டையும் எடுத்துப் பாடியிருக்கிறார். 1987இல் பிரின்ஸும் ஷீனா ஈஸ்டனும் பாடிய மூலத்தின் உயிரே இரு குரல்களின் சீண்டலும் சிணுங்கலும்தான். நியூமனின் குரலுக்குச் சரசம் வராது. வராததுதான் அதன் பலம். அந்தக் குரலை அந்தப் பாட்டுக்குள் நிறுத்தியதும் பாட்டும் கெட்டது, குரலும் கெட்டது.

பணமுடை மட்டும் இதற்குக் காரணமல்ல என்பது எங்கள் வாசிப்பு. உன்னிடம் ஆன்மா இல்லை என்று பதின்மூன்று ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு இந்த ஆல்பம் பதில் சொல்ல முயல்கிறது. இயந்திரத்தோடு ஆன்மாவைக் கூட்டுவதாகத் தலைப்பே அறிவிக்கிறது. முன்பு அது இல்லை என்று ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம்? 'தி பிளஷர் பிரின்சிபிள்' ஆல்பத்தில் நிறைந்து கிடந்ததை அவரே மறுத்துவிட்டார். அந்தச் சமரசமும் விலை போகவில்லை. பட்டியலில் 42ஆம் இடத்தோடு ஆல்பம் நின்றது.

மோசமான படைப்புக்கு வக்காலத்து வாங்கும் பழக்கம் சிற்றிதழ்க்காரர்களான நமக்கும் உண்டு. முன்னோடி ஒருவரின் சோர்ந்த நூல் வந்தால் அவருடைய பழைய சாதனைகளைப் பட்டியலிட்டு மதிப்புரையை முடித்துவிடுகிறோம். அவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. புதிய வாசகருக்கோ கேடு. அந்த நூலை வாசித்துவிட்டு, இவரையா இத்தனை நாள் புகழ்ந்தார்கள் என்று நம் மொத்தப் பேச்சையும் சந்தேகிப்பார்.

நியூமன் மீண்டார். விற்பனைக் கணக்கை ஒதுக்கிவிட்டு, தனக்குப் பிடித்ததைத் தனக்காகவே எழுதுவது என்று இறங்கி, 1994இல் 'சாக்ரிஃபைஸ்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார். இருண்ட, கடவுளோடு சண்டையிடும் பாடல்கள். குறைகள் உண்டு; சில இடங்களில் ஒலிப்பதிவு ஒல்லியாக இருக்கிறது. ஆனால் பாடுகிறவர் யார் என்பதில் சந்தேகம் இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் இளையவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். நைன் இன்ச் நெயில்ஸ் 'மெட்டல்' பாட்டை மறுபடி இசைத்தது. பேஸ்மென்ட் ஜாக்ஸ் 'எம்.ஈ.'யை எடுத்தது, 2002இல் சுகாபேப்ஸ் 'ஆர் ஃப்ரெண்ட்ஸ் எலெக்ட்ரிக்?' இசைமேல் ஏறி முதலிடம் பிடித்தார்கள். மூன்றுமே 1979இன் பாடல்கள், ஆன்மா இல்லை என்று தள்ளப்பட்டவை. 2017இல், நாகரிகம் மறைந்து பாலையாகிப்போன பூமியைப் பாடும் 'சாவேஜ்' ஆல்பம் பிரிட்டிஷ் பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு வந்தது. 1980இன் 'டெலிகான்' ஆல்பத்துக்குப் பிறகு அவருடைய ஸ்டூடியோ ஆல்பம் ஒன்று தொட்ட மிக உயர்ந்த இடம் அது.