நிறம் காக்கும் துவர்ப்பு

பிள்ளைகளுக்குச் சிவப்பு மிட்டாய் என்றால் உயிர். அந்தச் சிவப்பு எது? 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, சாயம் கலந்த பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டது. அதில் இருந்தது 'ரோடமின்-பி'. துணிக்குப் போடும் சாயம்!

செம்பருத்தி, நாவல்பழம் இவற்றின் நிறம் தீங்கற்றது. ஆனால் சூட்டிலும் வெளிச்சத்திலும் வெளுத்துவிடும். அதற்கும் வழி உண்டு. தாவரங்களில் 'பீனாலிக்' பொருள்கள் இருக்கின்றன. காய்க்குத் துவர்ப்பைத் தருபவை இவைதாம். ஏற்றதைச் சேர்த்தால், அது நிறத்தோடு ஒட்டி நின்று காக்கும்.

மாங்கொட்டையிலும் புளியங்கொட்டைத் தோலிலும் இந்தத் துவர்ப்பு நிறைய உண்டு. தர்மபுரி மாவட்டத்தில் மாவும் புளியும் விளைகின்றன. கொட்டை குப்பைக்குப் போகலாமா? பக்குவமாகப் பிரித்து, சோதித்து, உணவுக்கு உகந்ததாக்க ஆராய்ச்சிக்கூடங்கள் முன்வர வேண்டும். உழவருக்கும் காசு, பிள்ளைகளுக்கும் நலம்!