காணியில்லாதவர் மேல் சரியும் மலை

கண்டியில் தலதா மாளிகைக்குப் பின்புறம் நிற்கும் உடவத்தைக் காடு, அரசர் காலத்தில் குடிகள் கோடரியோடு நுழையக் கூடாத வனமாய்க் காக்கப்பட்டதனால் இன்றும் பசுமை குன்றாதிருக்க, அதே மாவட்டத்திலுள்ள ஹந்தானையும் கலஹாவும் தெல்தோட்டையும் தம் ஆதி வனத்தை இழந்து தேயிலைச் சரிவுகளாய் மாறியதற்குக் காரணம், 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். காடும் தரிசும், உரிமை நிரூபிக்கப்பட்டாலன்றி, முடிக்குச் சொந்தம் என்று அச்சட்டம் பிரகடனம் செய்தது. தலைமுறை தலைமுறையாய்ச் சேனை வெட்டியும் மாடு மேய்த்தும் ஜீவித்த கண்டிச் சிங்களக் கிராமத்தான் எந்தப் பத்திரத்தைக் காட்டுவான்? ஏக்கர் ஐந்து ஷில்லிங் என்ற விலைக்கும் விற்கப்பட்ட அக்காடுகள் கோப்பிக்காக எரிக்கப்பட்டன. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் தொடங்கிய தேயிலை, கோப்பியை நோய் தின்ற பின் அவ்விடத்தைப் பிடித்தது.

காட்டை வெட்டவும் கொழுந்து பறிக்கவும் திருச்சி, மதுரை, சேலம் பக்கத்து ஏழைகள் கங்காணிமாரால் அழைத்துவரப்பட்டனர். மலையைத் தமிழன் பறித்துக்கொண்டான் என்று கிராமத்தான் எண்ணினான். அத்தமிழனுக்கோ படுத்துறங்கும் லயத்தின் மண்கூடச் சொந்தமில்லை. ஒரே அநீதியின் இரு கரைகளிலும் நின்ற இவ்விரு சமூகத்தாரும் ஒருவரையொருவர் பகைக்கும்படி விடப்பட்டதே மலைநாட்டின் பெருந் துர்ப்பாக்கியம் என்பேன். 1948இல் தோட்டத் தமிழனின் பிரஜாவுரிமையும் போயிற்று. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்தபோதும், தோட்டங்கள் கைமாறினவேயன்றி, லயத்தார் கைக்குக் காணி வரவில்லை. தோட்ட எல்லைக்குள் பிரதேச சபைகள் தம் பணத்தைச் செலவிடவும் 1987ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தராதிருந்து, 2018இலேதான் திருத்தப்பட்டது.

ஆழ வேரோடிய மரங்கள் போன சரிவில் மழைநீரை வழிப்படுத்துவது தொழிலாளர் வெட்டும் கான்களே. அவை தூர்ந்தால் நீர் மண்ணுக்குள் இறங்கி மலையின் பிடியைத் தளர்த்துகிறது. தெல்தோட்டைக்கு அருகே ஒரு தோட்டத்தில், ஐப்பசி மழை விடாது பெய்த ஒரு மாலை, இஸ்தோப்பில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் பீலியிலிருந்து வந்த செந்நிற நீரைக் குடத்தில் ஏந்திக் காட்டி, "தண்ணி இப்படிக் கலங்கி வந்தா மேல மலை அசையுதுன்னு அர்த்தம், தம்பி, ஆனா நாங்க எங்க போறது?" என்றார். அவர் காம்பராவின் பின்சுவருக்கும் வெட்டிய மண்மேட்டுக்கும் இடையே ஒரு முழ இடைவெளிதான்; சீமெந்துத் தரையில் விரல் நுழையும் வெடிப்பு ஓடியிருந்தது. அபாயத்தை அறியாதவரல்லர் அவர். ஆனால் தோட்டத்தின் அனுமதியின்றி வேறிடத்தில் ஒரு குடிசை போடவும் அவருக்கு உரிமையில்லை.

2014 அக்டோபர் 29ஆம் தேதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தபோது நாடு அழுதது. அவ்விடம் அபாயகரமானதென்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தின் மலைகளைச் சரித்தபோது, கிராமத்தாரும் தோட்டத்தாரும் ஒருங்கே மடிந்தனர். மழைக்கு இனபேதமில்லை எனினும், பிழைத்தவருள் உறுதிப் பத்திரமுள்ளவன் தன் காணிக்கு நஷ்டஈடு கோரலாம். லயத்தில் வாழ்ந்தவன் கேட்பதற்கு எதைக் காட்டுவான்?

ஆகவே அரசாங்கத்தாரிடம் நாம் கேட்பது இதுவே: சரிவுகளின் ஸ்திரத்தை ஆராயும் நிபுணர்கள் குறித்துக் கொடுக்கும் பாதுகாப்பான நிலத்தில், வீட்டை மட்டும் கட்டிச் சாவியைக் கொடுத்து அனுப்பாமல், கணவன் மனைவி இருவர் பெயரிலும் காணி உறுதியை எழுதிக் கொடுங்கள், காடிழந்த கிராமத்தானுக்கும் அவ்வாறே செய்யுங்கள். அடுத்த ஐப்பசி வருமுன் அதைத் தொடங்குங்கள்.