முதுகெலும்பு ஆபரேஷனுக்கு "மாயக் கண்ணாடி": வடசென்னை தொழிலாளிக்கு எட்டுமா?

துறைமுகத்தில் சரக்கு இறக்குகிறவர், எண்ணூர் ரோட்டில் லாரி மேலே ஏறி தார்ப்பாய் கட்டுகிறவர், காசிமேட்டில் மீன் கூடை சுமக்கிறவர்... இவர்களுக்கெல்லாம் முதுகுதான் முதலீடு. விரல் ஒன்று போனாலும் வாட்ச்மேன் வேலையாவது பார்க்கலாம். முதுகெலும்பு உடைந்து இரண்டு காலும் மரத்துப் போனால் வீட்டில் உலை கொதிக்காது.

அந்த முதுகெலும்பில் ஆபரேஷன் செய்ய ஒரு புதுக் கருவி வந்து இருக்கிறது. டாக்டர் கண்ணாடி ஒன்றை மாட்டிக் கொள்கிறார். குப்புறப் படுத்து இருக்கும் நோயாளியின் தோலுக்கும் சதைக்கும் அடியில் உள்ள எலும்பு, அதே இடத்தில் படமாக அவர் கண்ணுக்குத் தெரிகிறது! "ஆக்மெண்டட் ரியாலிட்டி" என்று இதற்குப் பெயர்.

இது நிஜமா, வித்தையா? விவரம் வருமாறு:-

4 மில்லி மீட்டர் சந்து

முதுகெலும்பு என்பது ஒரே எலும்பு அல்ல. 33 எலும்புகள் அடுக்கி வைத்த தூண். அதன் உள்ளே தண்டுவடம் ஓடுகிறது. எலும்பு உடைந்தாலோ, நழுவினாலோ மேல் எலும்பிலும் கீழ் எலும்பிலும் ஸ்க்ரூ இறக்கி, கம்பியால் இணைத்துக் கட்டுகிறார்கள்.

ஸ்க்ரூ போகிற வழி ரொம்பக் குறுகல். நடு முதுகில் சிலருக்கு அந்த எலும்பின் அகலம் 4, 5 மில்லி மீட்டர்தான். உள்ளே சரிந்தால் தண்டுவடம். வெளியே சரிந்தால் நுரையீரலும் பெரிய ரத்தக் குழாயும்.

இத்தனை காலமும் இதை டாக்டரின் கை ருசியும், நடு நடுவே எடுக்கும் எக்ஸ்ரேயும்தான் காப்பாற்றி வந்தன.

காசிமேட்டு விசைப்படகுக்காரருக்கு இந்தக் கண்ணாடி புரியாத சங்கதி அல்ல. இருட்டிலும் ஜி.பி.எஸ். காட்டுகிற புள்ளியை வைத்து, பழைய இடத்துக்கே அவர் போய்ச் சேருகிறார். இங்கேயும் அதே கதைதான். நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். அவருடைய எலும்பில் சிறு கிளிப் ஒன்றைப் பொருத்துகிறார்கள். கேமரா அந்தக் கிளிப்பையும், டாக்டர் கையில் உள்ள ஆயுதத்தையும் கண்காணிக்கிறது. கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, ஸ்கேன் படத்தைக் கண்ணாடியில் விழ வைக்கிறது.

இதற்கு முன்பும் கம்ப்யூட்டர் வழிகாட்டி இருந்தது. ஆனால் படம் பக்கத்தில் உள்ள டி.வி.யில் தெரியும். கை நோயாளி முதுகில், கண் டி.வி.யில்! அந்தத் தொல்லை இப்போது ஒழிந்தது.

கோவையில் நடந்த பரீட்சை

வழிகாட்டி இருந்தால் என்ன லாபம்? இதற்கு அமெரிக்கா போக வேண்டாம். கோவை கங்கா ஆஸ்பத்திரியில் டாக்டர் எஸ்.ராஜசேகரன் குழுவினர் டி.வி. வகை வழிகாட்டியைச் சோதித்து 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். வளைந்த முதுகு உள்ள 33 பேருக்கு நடந்த ஆபரேஷன் அது. வழிகாட்டி இல்லாமல் போட்ட 236 ஸ்க்ரூவில் 54, எலும்புச் சுவரைத் தாண்டி இருந்தன. வழிகாட்டியோடு போட்ட 242-ல் 5 மட்டுமே தாண்டின! ஸ்க்ரூ போடும் நேரமும் பாதி அளவுக்குக் குறைந்தது. (சுவரைத் தாண்டிய ஸ்க்ரூ எல்லாம் ஆளை முடக்கி விடும் என்று அர்த்தம் இல்லை. பல பேருக்கு ஒன்றும் ஆகாது.)

கண்ணாடி வகைக்கு அமெரிக்க அரசு 2019 டிசம்பரில் அனுமதி தந்தது. 2020 ஜூனில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் டாக்டர் திமோதி விதம், ஒரு நோயாளிக்கு இதைப் போட்டுக் கொண்டு 6 ஸ்க்ரூ இறக்கினார்.

கண்ணாடிக்கும் கோளாறு உண்டு. எலும்பில் மாட்டிய கிளிப் மேல் யார் கையாவது இடித்து, கொஞ்சம் நகர்ந்து விட்டால் போச்சு. படம் தவறான இடத்தில் விழும். ஆனால் பார்க்க முன்பு போலவே பளிச் என்று இருக்கும்! அதனால்தான் தேர்ந்த டாக்டர், தெரிந்த எலும்பு முனை ஒன்றைத் தொட்டுத் தொட்டு சரி பார்த்துக் கொள்கிறார். கை தேராதவருக்குக் கண்ணாடி மாட்டி விட்டால் அவர் நிபுணர் ஆகி விட மாட்டார்.

இன்னொன்று. "டிஸ்க் வெலகிடுச்சு, ஆபரேசன் பண்ணியே ஆவணுமாம்" என்று வண்ணாரப்பேட்டை டீக்கடைகளில் புலம்புவது சகஜம். ஜவ்வு விலகியவர்களில் பெரும்பாலோருக்கு மருந்து, பயிற்சியிலேயே சில வாரங்களில் வலி தணிந்து விடும். கால் செயல் இழப்பது, சிறுநீர் கட்டுப்பாடு போவது போன்ற ஆபத்து வந்தால் மட்டும் ஒரு நாள் கூடத் தள்ளக் கூடாது. புதுக் கண்ணாடி விளம்பரத்தைப் பார்த்து நகையை அடகு வைப்பது வேண்டாத வேலை.

கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி

சரி, வடசென்னைக்கு இது வருமா?

"கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி" என்று ஊர் சொல்லும் ஸ்டான்லிக்கு இதில் ஒரு முன்கதை உண்டு. இந்தப் பக்கத்துத் தொழிற்சாலை மெஷின்களில் கை நசுங்கி வந்தவர்களுக்காக, 1970-களில் டாக்டர் ஆர்.வெங்கடசாமி அங்கே கை அறுவை சிகிச்சைப் பிரிவை வளர்த்தார். நாடு முழுவதும் அதற்குப் பெயர் உண்டு. கைக்கு நடந்தது முதுகுக்கும் நடக்கலாம். அரசிடம் பணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஓமந்தூரார் ஆஸ்பத்திரியில் ஏறத்தாழ 35 கோடி ரூபாய் செலவில் ரோபோ ஆபரேஷன் மையம் 2022-ல் திறந்தார்களே!

ஆனால் கண்ணாடி காப்பாற்றுவது ஆபரேஷன் தியேட்டருக்குள் நடக்கும் பிழையை மட்டும்தான். விழுந்தவனுக்கு மிச்ச சேதத்தை உண்டாக்குவது பல நேரங்களில் அதற்கு முந்திய ஒரு மணி நேரம்.

கண்டெய்னர் மேலே இருந்து ஒருவன் விழுகிறான். நாலு பேர் ஓடி வருகிறார்கள். இரண்டு பேர் அக்குளில் கை கொடுக்க, இரண்டு பேர் காலைப் பிடிக்க, அப்படியே மடக்கி ஆட்டோவில் ஏற்றி விடுகிறார்கள். நல்ல மனசோடுதான் செய்கிறார்கள். ஆனால் உடைந்த எலும்பு அந்த மடக்கலில்தான் தண்டுவடத்தை நசுக்கும். எண்ணூரில் இருந்து ஸ்டான்லி சுமார் 15 கிலோ மீட்டர். வழியில் லாரிகள் வரிசை கட்டி நின்றால் கேட்கவே வேண்டாம். நசுங்கிய தண்டுவடத்தை எந்தக் கண்ணாடியும் நிமிர்த்தாது.

விழுந்தவனை உட்கார வைக்கக் கூடாது. தலை, கழுத்து, முதுகு ஒரே கோட்டில் இருக்க, மரக்கட்டையைப் புரட்டுவது போல மூன்று நாலு பேர் சேர்ந்து புரட்டி, பலகையில் கிடத்த வேண்டும். 108-க்கு போன் போட்டு விட்டு, வண்டி வரும் வரை ஆட்டாமல் வைத்திருக்க வேண்டும்.

இதற்குக் கோடிகள் தேவை இல்லை. கம்பெனி கேட்டுகளில் தீ அணைக்க சிவப்பு வாளி மாட்டி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே ஆள் நீளத்துக்கு ஒரு பலகையும் நாலு பட்டையும் சாத்தி வைக்க இடம் இருக்கிறது.