விழித்திருத்தல் கல்வியாகுமா?

பரீட்சைக் காலத்து விடுதியொன்றின் காலைப்பொழுதை அறியாதார் நம்முள் இலர். குளியலறை வாயிலிற் காத்துநிற்போருள் ஒருவர், "இரவு முழுவதும் கண்மூடவில்லை" என்பார். அடுத்தவர், "நான் கண்மூடி மூன்று நாளாகின்றது" என்பார். எட்டு மணித்தியாலம் உறங்கியெழுந்த மூன்றாமவரோ, குற்றஞ் செய்தவர்போல வாய்திறவாது நிற்பார். இக்காட்சியை நகைச்சுவையெனக் கொண்டு விட்டுவிடலாம். ஆயின் இதன் பின்னே ஒரு கொள்கை நிற்கின்றது. உறக்கமென்பது படிப்பிலிருந்து களவாடப்பட்ட நேரம். உறங்காதவனே உழைப்பாளி என்பதே அக்கொள்கை. மாணவர் மட்டுமல்லர், "எங்கள் காலத்தில் நாங்கள் உறங்கினோமா?" என்று வினவும் விரிவுரையாளர் சிலரும் இக்கொள்கையினரே. இது பிழையான கொள்கை. பிழையென்ற அளவில் நில்லாது தீங்கும் பயப்பது. இவ்விரண்டையும் நிறுவுவதற்கே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

இக்கொள்கைக்கு இலக்கியத்திலிருந்து சான்று காட்டுவோரும் உளர். அவர்கள் கும்பகருணனை எள்ளுவர். வனவாசம் முழுதும் கண்துஞ்சாத இலக்குவனைப் போற்றுவர். காலந்தாழ்த்தல், மறதி, சோம்பல், உறக்கம் ஆகிய நான்கும் கெட்டழிவோர் விரும்பியேறும் மரக்கலங்கள் என வள்ளுவர் 'மடியின்மை' அதிகாரத்திற் கூறினாரல்லவா என்பர். வள்ளுவர் அங்குக் கடிவது மடியை. அதிகாரத்தின் பெயரே அதனை உணர்த்தும். இலக்குவனோ காவிய வீரன். பதினான்கு ஆண்டு முடிவில் அவன் பரீட்சை எழுதவில்லை. சைவசித்தாந்த நூலார் நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படங்கல் என ஐந்து அவத்தைகளை வகுத்து ஆராய்ந்தனர். உறக்கத்தை வெறுமையெனத் தள்ளிவிடாது, உயிரின் நிலைகளுள் ஒன்றாக எண்ணிப் பார்த்த அம்மரபு நம்மவர் வாயில் ஏனோ வருவதில்லை.

இனி விஞ்ஞானம் கூறுவதை நோக்குவோம். 1885இல் ஜேர்மனியரான எபிங்ஹவுஸ், தம்மையே ஆய்வுப்பொருளாக்கி, பொருளற்ற அசைகளை மனனஞ் செய்து, அவை மறக்கும் வேகத்தை அளந்து ஒரு நூல் வெளியிட்டார். ஒருமுறை கற்றதை மீளக் கற்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகின்றது என்பதே அவரது அளவுகோல். ஏறத்தாழ ஒன்பது மணித்தியாலத்தின் பின் மிச்சம் நூற்றுக்கு 35.8, ஒரு நாளின் பின் 33.7, இரு நாளின் பின் 27.8. ஒன்பதாம் மணித்தியாலத்துக்கும் இருபத்துநான்காம் மணித்தியாலத்துக்கும் இடையில் மறதி ஏறக்குறைய நின்றேவிட்டது. அவ்விடைவெளியிலேதான் இரவும் உறக்கமும் வந்தன. எபிங்ஹவுஸ் உறக்கத்தின் பங்கினைப் பெரிதாக மதிக்கவில்லை.

அதனை மதித்துச் சோதித்தவர்கள் கோர்ணெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜென்கின்ஸ், டலென்பாக் என்னும் இருவர். 1924இல் வெளிவந்த அவர்களது ஆய்வில், இரு மாணவர் ஆய்வுகூடத்திலேயே தங்கிப் பத்து அசைகள் கொண்ட வரிசைகளை மனனஞ் செய்தனர். சிலபோது மனனஞ் செய்தபின் உறங்கினர். சிலபோது வழக்கமான பகல்வேலைகளைச் செய்தனர். எட்டு மணித்தியாலத்தின் பின் வினவியபோது, உறங்கியிருந்தால் பத்தில் ஐந்துக்கு மேல் நினைவில் நின்றன. விழித்திருந்தால் ஏறத்தாழ ஒன்றே நின்றது. இருவரை மட்டும் வைத்து உலகத்துக்கு விதி வகுப்பதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆயின் கற்றபின் உறங்குவோர் அதிகம் நினைவுகொள்கின்றனர் என்பது பின்வந்த பல ஆய்வுகளிலும் மீண்டும் மீண்டும் கண்டறியப்பட்டது.

அவ்விருவரும் தங்கள் முடிவுக்குக் கூறிய காரணம் அடக்கமானது. விழித்திருக்கையில் புதிய அனுபவங்கள் பழையவற்றின்மீது வந்து மோதுகின்றன; உறக்கத்தில் அம்மோதல் இல்லை; ஆதலின் நினைவு தப்பிப் பிழைக்கின்றது என்றனர். இதன்படி உறக்கம் மழைக்கு ஒதுங்கும் ஒரு கொட்டில், அவ்வளவே. கொட்டில் தானாக எதுவும் செய்வதில்லை. ஏழு தசாப்தங்களின் பின்னரே இக்கருத்தை அசைக்கும் சான்று கிடைத்தது. மூளையில், கடற்குதிரையின் உருவை ஒத்தமையால் ஹிப்போகாம்பஸ் என்று பெயர்பெற்ற ஒரு பகுதி உண்டு. புதிய நினைவுகள் உருவாவதற்கு அது இன்றியமையாதது. எலியொன்று குறித்த ஓரிடத்தைக் கடக்கும்போது அங்குள்ள குறித்த சில நரம்புக்கலங்களே துடிக்கும் என 1971இல் ஜோன் ஓகீஃப் கண்டறிந்தார். 1994இல் வில்சன், மக்நோட்டன் என்னும் இருவர் எலிகளின் இக்கலங்களை உறக்கத்திலும் கவனித்தனர். எலி நடமாடியபோது ஒன்றுசேர்ந்து துடித்த கலங்கள், அது பின்னர் ஆழ்ந்துறங்கியபோதும் ஒன்றுசேர்ந்து துடித்தன. நடந்த வழியின் வரிசையும் உறக்கத்திற் சுருங்கிய வேகத்தில் மீள்கின்றதெனப் பின்வந்தோர் காட்டினர். உறங்கும் எலி நடந்த பாதையை மீட்டுப் பார்க்கின்றது என்று கூறினால் மிகையாகாது. இதுவோ கொட்டிலின் செயல்? எலிக்கு உண்மையாவது அனைத்தும் மனிதனுக்கும் உண்மையாகிவிடாது. ஆயின் 'ஒன்றுஞ் செய்யாது கிடக்கும் நேரம்' என்ற வசையை உறக்கத்தின்மீது இனியும் சுமத்த முடியாது.

கனவைப் பற்றியும் ஒரு சொல். 1953இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைற்மனும், உறக்கத்தின் சில வேளைகளில் மூடிய இமைகளுக்குள் விழிகள் விரைந்து அசைவதையும், அவ்வேளையில் எழுப்பப்படுவோர் பெரும்பாலும் கனவு கண்டதாகக் கூறுவதையும் அறிவித்தனர். அதற்கு அரை நூற்றாண்டின் முன் கனவைப் பற்றிப் பேசியவர் ஃபிராய்ட். கனவு, மறைக்கப்பட்ட விருப்பத்தின் மாறுவேடம் என்றார். நம்முடைய இலக்கியத் திறனாய்வாளர் சிலர் இன்றும் அதனைத் தாண்டவில்லை. கவிதையிற் பாம்பைக் கண்டாற் போதும், ஃபிராய்டை அழைத்துவிடுவர். 2000ஆம் ஆண்டு ஸ்ரிக்கோல்ட் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் செய்த எளிய ஆய்வு அத்தகையோர் கவனிக்கத்தக்கது. கட்டைகளை அடுக்கும் 'ரெற்றிஸ்' என்ற கணினி விளையாட்டைப் பலமணி நேரம் ஆடியோர், உறக்கம் தழுவும் வேளையில் விழுகின்ற கட்டைகளைக் கண்டனர். ஹிப்போகாம்பஸ் சிதைந்து, விளையாடியதையே மறந்துவிட்ட நோயாளர் ஐவருள் மூவரும் அவற்றைக் கண்டனர். இங்கே மாறுவேடம் எங்கே? பகலிற் செய்த வேலை இரவில் எட்டிப் பார்க்கின்றது.

கனவு அறிவை இலவசமாக வழங்கிவிடும் என்று எண்ணுவோருக்கும் ஒன்று கூறவேண்டும். கிராஸ் நகரில் வாழ்ந்த ஒட்டோ லோவி, நரம்பின் செய்தி இரசாயனப் பொருள்மூலம் இதயத்தை அடைகின்றதா என்று அறிவதற்கான பரிசோதனையைக் கனவிலே கண்டார். நள்ளிரவில் எழுந்து தாளிற் கிறுக்கினார். விடிந்ததும் தாம் எழுதியதைத் தாமே வாசிக்க முடியவில்லை. அடுத்த இரவு அதே கனவு மீண்டது. இம்முறை தாளை நம்பாது நேரே ஆய்வுகூடம் சென்று தவளையின் இதயங்களில் அதனைச் செய்துபார்த்தார். 1921இல் வெளிவந்த அக்கண்டுபிடிப்புக்காக 1936இல் நொபெல் பரிசிற் பங்குபெற்றார். இக்கதையைச் சொல்வோர் ஒன்றைச் சொல்லாது விடுவர். அவ்வெண்ணம் லோவிக்கு 1903ஆம் ஆண்டளவிலேயே தோன்றியிருந்தது. கற்றவருக்கே உறக்கம் உதவிற்று. நூலைத் தலையணைக்கீழ் வைத்துறங்குவதால் ஒன்றும் நேராது. உறங்குவோர் காதருகே பாடத்தை ஒலிக்கவிட்டுக் கற்பிக்கும் முயற்சியும், 1956இல் சைமனும் எமன்ஸும் மூளையின் மின்னலைகளைப் பதிந்து சோதித்தபோது, பயனற்றதெனத் தெரிந்தது.

எதிர்த்தரப்பையும் மறைத்தல் முறையன்று. விழியசைவு உறக்கம் நினைவுக்கு இன்றியமையாதது என்ற கருத்தை ஜெரோம் சீகல் 2001இற் கடுமையாகத் தாக்கினார். சில மனச்சோர்வு மருந்துகள் அவ்வகை உறக்கத்தைப் பெரிதும் அடக்கிவிடுகின்றன. அம்மருந்தை உட்கொள்வோர் நினைவிழந்து அலையவில்லையே என்றார். வலுவான தடையே அது. இன்று பலரும் பாட நினைவுக்கு ஆழ்ந்த மெல்லலை உறக்கத்தையே முதன்மையாகக் கருதுகின்றனர். உறக்கத்தில் மூளையின் கழிவுகள் கழுவப்படுகின்றன என்று 2013இல் எலிகளிற் கண்ட முடிவும் 2024இல் வேறு ஆய்வாளரால் மறுக்கப்பட்டது. இவ்வழக்குகள் தீரட்டும். எந்த வகை உறக்கம், எவ்வழியால் உதவுகின்றது என்பதிலேதான் பிணக்கு. உறக்கத்தை முற்றாக விடுதல் நினைவுக்கு நன்மையென வாதிடுவார் அவர்களுள் ஒருவரும் இலர்.

"நான் உறங்காது படித்துச் சித்தியெய்தினேனே" என்பர். ஓரிரவு விழித்து மறுநாட் காலை ஒப்புவித்தல் இயலாததன்று. அங்ஙனம் படித்தது அடுத்த பருவத்தில் எங்கே போயிற்று என்று அவர்களே தம்மைக் கேட்கட்டும். ஓரிரவு உறங்காதோரின் ஹிப்போகாம்பஸ் புதிய படங்களைக் காணும்போது குன்றிய அளவே தொழிற்படுகின்றதென்றும், பின்னர் இரண்டு இரவுகள் உறங்கி எழுந்து வந்து சோதனைக்குட்பட்டபோதும் அவர்கள் குறைவாகவே நினைவுகூர்ந்தனர் என்றும் 2007இல் யூவும் வோக்கரும் பிறரும் காட்டினர். பதிவாகாததைப் பின்னைய உறக்கம் எவ்வாறு காக்கும்? தம் நிலையைத் தாமே மதிப்பிடுவதும் நம்பத்தக்கதன்று. 2003இல் வெளியான பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வில், இரவுக்கு ஆறு மணித்தியாலம் என்ற கணக்கிற் பதினான்கு நாட்கள் உறங்கியோரின் கவனம், முற்றாக உறங்காதோரின் கவனத்தளவுக்குத் தாழ்ந்தது. அவர்களோ தமக்குப் பெரிதாக உறக்கக் குறைவில்லை என்றே கருதியிருந்தனர். பதினேழு மணித்தியாலம் தொடர்ந்து விழித்திருப்போரின் திறன், குருதியில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளோரின் திறனை ஒத்ததென டோசனும் ரீடும் 1997இற் கணித்தனர். குடித்துவிட்டு வந்து பரீட்சை எழுதினேன் என்று பெருமைபேசுவார் இலர். உறங்காது வந்து எழுதினேன் என்பது மட்டும் எங்ஙனம் பெருமையாயிற்று?

விழிப்போர் அனைவரும் வீம்புக்காக விழிக்கின்றனர் என நான் கூறவில்லை. ஓரறையிற் பலர் நெருங்கி வாழும் விடுதியில் இரவின் பிற்பகுதியன்றி அமைதி கிடைப்பதில்லை. சிரேட்ட மாணவர் தம் இளையோருக்குப் பாடஞ் சொல்லும் 'குப்பி' வகுப்பு, குப்பிவிளக்கினாற் பெயர்பெற்றது; நம் பல்கலைக்கழக வாழ்வின் மிகச் சிறந்த வழக்கங்களுள் ஒன்று அது. அதனை நள்ளிரவுக்குத் தள்ளுவானேன்? நூலகத்தை மாலையில் நெடுநேரம் திறந்துவைக்க மறுத்துவிட்டு மாணவரின் சோம்பலைப் பேசும் நிருவாகத்துக்கும், ஒரே வாரத்தில் மூன்று ஒப்படைகளுக்கு இறுதித் திகதி குறிக்கும் ஆசிரியருக்கும் இதில் பங்குண்டு.

இவையனைத்திலும் கொடியது ஒன்றுண்டு. இதுவரை பேசிய விழிப்பு விரும்பி மேற்கொள்வது. புதுமுக மாணவரின் விழிப்போ அவர்மீது சுமத்தப்படுவது. பகிடிவதையின் பெயரால் நள்ளிரவிற் கதவு தட்டப்படுகின்றது. வரிசையில் நிற்கவைப்பர், பாடச்சொல்வர், விடியுமுன் விடுவர், காலை எட்டு மணி விரிவுரையில் அவர் உறங்கிவிழுந்தால் அதற்கும் நகைப்பர். கைவைக்கவில்லையே, அடிக்கவில்லையே என்பது இவர்களது வாதம். 1978இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், வட அயர்லாந்திற் கைதிகள்மீது பிரித்தானியர் கையாண்ட ஐந்து முறைகளை மனிதத்தன்மையற்ற, இழிவுபடுத்தும் நடத்தையெனத் தீர்ப்பளித்தது. உறங்கவிடாமை அவ்வைந்தனுள் ஒன்று. விசாரணையாளன் செய்யும்போது நாம் எந்தப் பெயரால் அதனைக் கண்டிக்கின்றோமோ, அப்பெயர் விடுதியின் மேல்மாடியில் மாறிவிடுமா? நம் நாட்டில் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கிற்று. அச்சட்டம் உடற்காயத்தை மட்டுமன்றி உளவேதனையையும் அச்சத்தையும் கருத்திற் கொள்கின்றது. கல்வி கற்கவென்று வந்தவரின் நினைவாற்றலை அவர் கற்கத் தொடங்கும் முதல் வாரங்களிலேயே சிதைப்பவர், தம்மைப் 'பழகிக்கொள்ளுதலின்' காவலர் என்று கூறிக்கொள்கின்றனர்.

ஒற்றுமையை வளர்க்கவே இதனைச் செய்கின்றோம் என்கின்றனர். அவ்வாறாயின் மாலையில் மைதானத்துக்கு அழையுங்கள். சங்கக் கூட்டத்துக்கு அழையுங்கள். தேநீருக்கு அழைத்துப் பெயரையும் ஊரையும் கேளுங்கள். பகற்பொழுதில், பலர் காண, செய்யத்தக்கதாக அவ்வொற்றுமையில் ஒன்றும் இல்லையா?